நிறுத்தத் தெரியும், தள்ளிப்போடத் தெரியாது: எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் கருத்தடை

1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் ஒருவர் ஹோவர்ட் சாமர்வெல். மலையிலிருந்து இறங்கியதும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், இன்றைய குமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனையைப் பார்த்தார். வாசலில் கூட்டம், கத்தி பிடிக்க ஆள் போதவில்லை. லண்டனில் காத்திருந்த வேலையை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். தென் திருவிதாங்கூரில் அன்று குடற்புண் பரவலான நோய். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்து உணவுக்கு வேறு வழி வெட்டிவிடும் அறுவையை அவர் ஏராளமாகச் செய்தார். புண்ணுக்காக இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்கள் பலர் பிறகு எடை போடுவதில்லை என்பதை உலகின் வேறு மூலைகளிலும் கவனித்தார்கள். அப்படிக் கவனித்தவர்களில் ஒருவரான எட்வர்ட் மேசன், 1966-ல் அமெரிக்காவின் அயோவாவில், எடை குறைப்பதற்கென்றே இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கிவைத்தார். எடைக்குறைப்பு அறுவைக்கு நெய்யூர்தான் பாட்டி வீடு என்று சொன்னால் அது ஊர்ப்பெருமை. தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

இன்று அந்த அறுவைக்காகக் குமரி மாவட்டத்துப் பெண்கள் திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் போகிறார்கள். ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல் அல்லது உடல்பருமன். ஆசியர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதால், 2022-ல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல் உடல் நிறைக் குறியீடு 27.5-லிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. முன்பு நாற்பதைத் தாண்டிய, பிள்ளைகள் வளர்ந்த பெண்கள்தான் இதற்குப் போவார்கள் என்ற எண்ணம் இருந்தது. இப்போது இருபத்தைந்து வயதுப் பெண் போகிறாள். கல்யாணத்துக்கு முன் போகிறாள். கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தையில்லாமல், "எடையைக் குறைத்தால்தான் நீர்க்கட்டி சரியாகும்" என்று மருத்துவர் சொன்னதால் போகிறாள். கருத்தடைக் கேள்வி எழுவது இவர்களுக்குத்தான். ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட நாற்பது வயதுக்காரிக்கு இந்தக் கட்டுரையில் பெரிதாக வேலை இல்லை.

குழந்தைக்காக எடை குறைத்தவளுக்குக் கருத்தடை எதற்கு? குடும்பங்களுக்கு இது விளங்குவதே இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, கரு எதிர்பாராத வேகத்தில் நிற்கும். பருமனும் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலும் சேர்ந்து சினைமுட்டை வெளிவருவதைத் தடுத்திருக்கும். அறுவைக்குப் பின் எடை இறங்க ஆரம்பித்த சில மாதங்களிலேயே மாதவிலக்கு ஒழுங்காகிவிடும். மூன்று வருடம் எதுவும் செய்யாமலே கரு நிற்காதவள், "நமக்கு எங்கே நிற்கப்போகிறது" என்று அசட்டையாக இருக்கும் நேரத்தில் நின்றுவிடும். இரண்டாவது, அந்த நேரத்தில் நிற்கக்கூடாது. முதல் ஒன்றரை வருடம் உடல் தன் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். சாப்பாடு கொஞ்சம், பி12, இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் எல்லாம் தட்டுப்பாடு. தாய்க்கே போதாததைச் சிசு பங்குபோட வரும். அதனால்தான் 12 முதல் 24 மாதம் வரை, எடை ஒரு நிலைக்கு வரும் வரை, கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். 18 மாதம் என்பது பெரும்பாலோர் சொல்லும் நடுக்கணக்கு.

அறுவை செய்துகொண்ட தாய்மார்களையும், அதே அளவு பருமன் இருந்தும் அறுவை செய்யாத தாய்மார்களையும் ஒப்பிட்டு ஸ்வீடனில் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. கர்ப்பகாலச் சர்க்கரை 6.8 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆகக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறக்கும் குழந்தைகள் 22.4-லிருந்து 8.6. ஆனால் வளர்ச்சி குன்றிப் பிறக்கும் குழந்தைகள் 7.6-லிருந்து 15.6 ஆக இரட்டித்திருந்தன. அறுவை நல்லது செய்கிறது; அதற்கு ஒரு விலையும் வாங்குகிறது.

இதெல்லாம் தெரிந்த ஊரிலும் நடப்பு வேறாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், முதல் ஆண்டில் கர்ப்பத்துக்கு முயன்றவர்கள் 4.3 விழுக்காடு மட்டுமே. குழந்தை வேண்டாம் என்று இருந்தும் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டவர்கள் 41.5 விழுக்காடு. கருத்தடைச் சாதனம் அத்தனையும் காசு கொடுத்தாவது கிடைக்கும் நாட்டிலேயே இதுதான் கணக்கு.

நம் ஊரில் சிக்கல் இன்னொரு விதமானது. தமிழ்நாட்டின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்ற அளவுக்கு வந்துவிட்டோம். ஆனால் எப்படி வந்தோம்? அதே தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை, காப்பர் டி, ஊசி, ஆணுறை என்று மற்ற நவீன முறைகள் எல்லாம் சேர்ந்தும் பத்து விழுக்காட்டை எட்டவில்லை. கல்யாணம், உடனே முதல் குழந்தை, அடுத்தது, சிசேரியனோடு சேர்த்து டியூபெக்டமி, முடிந்தது. நமக்கு நிறுத்தத் தெரியும். தள்ளிப்போடத் தெரியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலில் நின்ற குமரி மாவட்டமும் இதற்கு விலக்கல்ல. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட இளம்பெண்ணுக்குத் தேவைப்படுவதோ சரியாக அந்தத் தெரியாத வித்தை: திட்டமிட்டு ஒன்றரை வருடம் தள்ளிப்போடுவது. நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "என்ன மக்ளே, மெலிஞ்சிட்டியே, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று மைனியோ சித்தியோ கேட்கும்போது, "டாக்டர் ஒண்ணர வருஷம் வேண்டாம்னு சொல்லியிருக்காவ" என்று பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக இலையைப் பார்க்க முடிகிற மருமகள் அபூர்வம். அறுவை செய்ததையே பாதிப் பேர் சொல்லியிருக்க மாட்டார்கள். "டயட்டு" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சரி, தள்ளிப்போட எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் எந்த அறுவை என்று தெரிந்தாக வேண்டும். ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்து, மீதியைக் குழாய்போல் ஆக்குவது. குடலில் கைவைப்பதில்லை. பைபாஸ் என்பது இரைப்பையில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியில் கொண்டுபோய் இணைப்பது. உணவு சிறுகுடலின் மேல்பகுதியைத் தொடாமலே போய்விடும். ஒற்றை இணைப்பு கொண்ட மினி பைபாஸில் தாண்டிவிடும் நீளம் பெரும்பாலும் இன்னும் அதிகம். மாத்திரை உறிஞ்சப்படுவது முக்கியமாகச் சிறுகுடலில்தான் என்பதால் இந்த வேறுபாடு கருத்தடைக்கு முக்கியம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தகுதி அட்டவணை இதை வைத்தே பிரிக்கிறது: ஸ்லீவ், இரைப்பை வளையம் போன்றவற்றுக்குப் பின் எல்லா முறையும் சரி. பைபாஸுக்குப் பின் வாய்வழி மாத்திரைகள் மட்டும் மூன்றாம் வகை, அதாவது வேறு வழி இருந்தால் தவிர்க்க வேண்டியவை. பிரிட்டன் வல்லுநர்கள் இன்னும் கறார்: எந்த எடைக்குறைப்பு அறுவையானாலும் வாய்வழி மாத்திரையின் பலன் குறையலாம் என்று எச்சரித்துவிடுங்கள் என்கிறார்கள்.

என் சாய்வு பிரிட்டன் பக்கம். மாலா-என் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் 28 மாத்திரைகள் இருக்கும். 21-ல் ஹார்மோன், மீதி ஏழில் இரும்புச்சத்து. நாள் தவறாமல், விழுங்கி, வயிற்றில் தங்க வேண்டும். ஸ்லீவ் செய்துகொண்டவளுக்கு முதல் சில மாதங்கள் ஒரு வாய் கூடுதலானாலே வாந்தி. விழுங்கிய மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரை கணக்கில் வராது. குடல் எவ்வளவு உறிஞ்சும் என்ற வாதத்துக்குப் போகும் முன்பே காரியம் கெட்டுவிடுகிறது. உறிஞ்சுவது பற்றிய சான்றும் பழசு. இன்று கைவிடப்பட்ட குடல் பைபாஸ் காலத்து ரத்த அளவீடுகளிலிருந்து வந்த அச்சம் அதில் பாதி. டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையை பைபாஸுக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்த ஸ்வீடன் ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அது விரல்விட்டு எண்ணும் அளவு பெண்களிடம் நடந்த ஆய்வு. அதை நம்பி ஒன்றரை வருடத்தைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது தனி விதி. கால் ரத்தநாளத்தில் ரத்தம் உறையும் ஆபத்து பருமனிலும் அதிகம், அறுவையிலும் அதிகம்.

மாத்திரை விஷயத்தில் நம் பெண்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. நீர்க்கட்டிக்கு என்று கல்லூரிப் பெண்களுக்கு எழுதித் தரும் "பீரியட்ஸ் மாத்திரை" பலவும் கருத்தடை மாத்திரைகள்தான். கல்யாணமாகாத பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் அந்தப் பெயரைச் சொல்ல மருத்துவர் கூசுவார். அவர்களும் கேட்க மாட்டார்கள். அறுவைக்கு முன் "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மயக்க மருத்துவர் கேட்டால், "தைராய்டு மாத்திரை மட்டும்" என்று பதில் வரும். நிறுத்த வேண்டியது நிறுத்தப்படாமல் போக இது ஒன்றே போதும்.

வாரம் ஒன்றாகப் போடும் சாயா மாத்திரை நம் நாட்டுக் கண்டுபிடிப்பு; லக்னோவின் மத்திய மருந்தாய்வு நிலையத்தில் உருவான, ஹார்மோன் இல்லாத மருந்து. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு ஒருமுறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பைபாஸ் செய்தவளுக்கு இதைத் தரலாமா? அமெரிக்க அட்டவணையில் இந்த மருந்தின் பெயரே கிடையாது, அங்கே அது விற்பனையில் இல்லை. இதுவும் வாயால் விழுங்குவதுதான் என்பதால் மாத்திரைக்குச் சொன்ன எச்சரிக்கையை இதற்கும் பொருத்துவதே நியாயம். இந்திய மருந்துக்கு இந்திய ஆய்வுதான் வேண்டும். வெளிநாட்டான் செய்து தர மாட்டான்.

விழுங்க வேண்டாதவற்றில் மலிவான ஒன்று 2017 முதல் அரசு இலவசமாகத் தரும் அந்தரா ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று. குடலுக்கு இதில் வேலையில்லை, அட்டவணையும் அனுமதிக்கிறது. ஆனால் சிலருக்கு எடை கூடும். எடை குறைக்கச் சில லட்சம் செலவழித்தவளிடம் இந்த ஊசியை நீட்டினால் முகம் சுளிப்பாள், சுளிப்பதும் சரியே. எலும்பின் அடர்த்தியையும் இது குறைக்கும், பைபாஸும் குறைக்கும். இன்னொன்று, நிறுத்திய பிறகு கரு நிற்க ஒன்பது பத்து மாதம் பிடிக்கலாம். பதினெட்டு மாதம் முடிந்ததும் குழந்தை வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு இது ஒத்துவராது.

அப்படியானால் கருப்பைக்குள் வைப்பவை. காப்பர் டி 380ஏ பத்து வருடம், 375 ஐந்து வருடம். இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். எடுத்த மாதமே கரு நிற்கலாம். வாந்தி, குடல், மறதி எதுவும் இதைத் தொடாது. ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே தவறும். மாத்திரையில் அது ஏழு, ஆணுறையில் பதிமூன்று. காப்பர் டி-யின் குறை, மாதவிலக்கில் ரத்தப்போக்கைக் கூட்டுவது. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அறுவைக்குப் பின் இரும்புச்சத்து உள்ளே போவதே குறைவு. அதற்கு மேல் போக்கும் அதிகமானால் தாங்காது. ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இருக்கும் பெண்ணுக்குக் காப்பர் டி போட்டு அனுப்புவது அரைகுறை வைத்தியம்.

ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் இதற்கு நேர் எதிர். மிரீனா என்ற பெயரில் தெரிந்தது. ரத்தப்போக்கைக் குறைக்கும், சிலருக்கு நிறுத்தியே விடும். பருமனும் ஒழுங்கற்ற விலக்கும் சேர்ந்தவர்களுக்குக் கருப்பை உள்வரிப் புற்றுநோய் அபாயம் கூடுதல். இது அந்த வரியையும் காக்கிறது. என்னைக் கேட்டால், பைபாஸ் செய்துகொண்ட, ரத்தசோகை உள்ள, நீர்க்கட்டிப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் பல ஆயிரம் ரூபாய் விலை. அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. "பிள்ளை பெறாதவளுக்கு லூப் போடக்கூடாது" என்ற பழைய நம்பிக்கை வேறு. வீட்டில் மட்டுமல்ல, சில மருத்துவர்களிடமும் அது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிள்ளை பெறாதவர்களுக்கும் இதைப் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. எடைக்குறைப்பு அறுவையின் மயக்கத்திலேயே சாதனத்தையும் வைத்துவிடும் வழக்கம் வெளிநாட்டில் சில இடங்களில் உண்டு. இங்கும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கைத்தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் இதே அளவு உறுதியானது. அரசுத் திட்டத்துக்குள் அண்மையில்தான் நுழைந்திருக்கிறது.

நாள் கணக்குப் பார்ப்பது இந்தப் பெண்களுக்கு ஆகவே ஆகாது. மாதந்தோறும் ஐந்து கிலோ இறங்கும்போது சுழற்சி தன்னிஷ்டத்துக்கு மாறும்; எந்த நாளைக் கணக்கில் எடுப்பது? ஆணுறையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்ப வேண்டாம். தவறினால் போடும் அவசர மாத்திரைக்கு இரட்டைச் சிக்கல்: 70 கிலோவுக்கு மேல் அதன் பலன் குறைகிறது, பைபாஸ் குடல் வேறு. சட்டப்படி சீட்டில்லாமலே விற்கக்கூடிய இந்த மாத்திரை தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் கேட்டால் கிடைப்பதில்லை என்பது நெடுநாள் புகார். ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வதே இவர்களுக்கு உறுதியான அவசர வழி.

பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்த தம்பதிக்கு? பருமனான வயிற்றில் டியூபெக்டமி செய்வது கடினம், மயக்க ஆபத்தும் அதிகம். ஆணுக்கோ மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடத்தில் முடிகிற, தழும்பு தெரியாத வாசெக்டமி இருக்கிறது. 1971-ல் பக்கத்து எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வரிசையில் நின்று செய்துகொண்டார்கள். 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண் கருத்தடை 0.1 விழுக்காடு. ஏற்கெனவே வயிற்றில் ஐந்து துளை போட்டுக்கொண்டு வந்தவளையே ஆறாவதற்கும் அனுப்புகிறோம்.

வழிமுறைகளில் குறைவில்லை. குறை, இரண்டு மருத்துவர்களுக்கு நடுவே இருக்கிறது. எடைக்குறைப்பு மருத்துவர் திருவனந்தபுரத்தில். புரதப் பவுடர், பி12 ஊசி, நடைப்பயிற்சி என்று பட்டியல் கொடுத்தனுப்புகிறார். மகப்பேறு மருத்துவர் நாகர்கோவிலில். அவரிடம் போய்ப் பெண் "வயித்துல ஒரு ஆபரேஷன் செஞ்சேன்" என்று மட்டும் சொல்கிறாள். ஸ்லீவா பைபாஸா என்பது அவள் வீட்டு அலமாரியில், பிளாஸ்டிக் கவருக்குள் டிஸ்சார்ஜ் சம்மரியில் கிடக்கிறது. அந்தத் தாளில் கருத்தடை பற்றி ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. அதை எழுதும் பொறுப்பு அறுவை மருத்துவருடையது என்பதே என் கட்சி. அறுவைக்கு முன் பேசாததைப் பின்னால் பேச யாருக்கும் நேரம் வருவதில்லை.

கத்தியில்லாமல் எடை குறைக்கும் ஊசிகள் வந்த பிறகு இதே கேள்வி இன்னும் பல வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. மவுஞ்சாரோ என்ற டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், தொடங்கிய நான்கு வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும், மாத்திரையை மட்டும் நம்பாமல் ஆணுறை சேர்க்கவோ வேறு முறைக்கு மாறவோ வேண்டும். கர்ப்பத்தில் இந்த ஊசிகள் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றரை வருடத்துக்குள் கரு நின்றுவிட்டால் பதறிக் கலைக்கத் தேவையில்லை. பெரும்பாலான கர்ப்பங்கள் நல்லபடியாகவே முடிகின்றன. குழந்தை வேண்டும் என்றால், உடனே ரத்தத்தில் இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி பார்க்க வேண்டும். வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் உள்ள சத்து மாத்திரையை மாற்ற வேண்டும். குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் அடிக்கடி அளக்க வேண்டும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் முயற்சியால் தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை வந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். மாநிலத்துக்கே பெருமை சேர்த்த திட்டம். ஆனால் பைபாஸ் செய்தவள் அதை ஒரே மூச்சில் குடித்தால் குளுக்கோஸ் நேராகக் குடலில் கொட்டி, வியர்த்து, படபடத்து, மயங்கி விழலாம். சோதனை முடிவும் நம்பத்தக்கதாக இராது. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதியும்போதே அறுவையின் பெயரைச் சொல்லிவிட்டால், அந்தத் தம்ளருக்குப் பதில் 24-வது வாரத்தையொட்டி ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள்.